கொக்கோ வெண்ணெய்: தோலுக்கு ஆகும், உறைக்கு ஆகாது

(தென்னந்தோப்புக் கிராமங்களில் நடந்த தம்பதியர் கூட்டங்களில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வந்தாலே காப்பர்-டி, மாத்திரை, ஆபரேஷன் என்று ஆரம்பித்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அப்படியில்லை. ஒரு வெண்ணெயைப் பற்றிப் பேசப் போகிறேன். பசு வெண்ணெயும் இல்லை, எருமை வெண்ணெயும் இல்லை, கொக்கோ வெண்ணெய். "வெண்ணெய்க்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அது தெரியாமல் போனதால், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே மூன்று வருஷம் இடைவெளி வேண்டுமென்று தீர்மானித்த தம்பதிகள் ஒன்றரை வருஷத்திலேயே அடுத்த பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறார்கள். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்தச் சாமான் எது, எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

இந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்குக் கொக்கோ மரத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னைக்கு நடுவே நிழலில் ஊடுபயிராக நிற்கிற மரம். பலா மாதிரி அடிமரத்திலும் தடித்த கிளையிலும் ஒட்டிக்கொண்டு காய்க்கும். பழுத்த காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய கொட்டைகள் முப்பது நாற்பது இருக்கும். பிள்ளைகள் தித்திப்பான சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவார்கள். துப்புகிற அந்தக் கொட்டையில்தான் விஷயமே இருக்கிறது. காய்ந்த கொக்கோப் பருப்பில் சுமார் பாதி கொழுப்பு. நம் நிலக்கடலைப் பருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அமேசான் ஆற்றின் மேல்பகுதிக் காடுகளில் தானாக வளர்ந்தது. இப்போதைய ஈக்வடார் நாட்டில் சுமார் 5,300 வருஷங்களுக்கு முந்திய பானை ஓடுகளில் கொக்கோவின் அடையாளம் கிடைத்திருக்கிறது. மெக்சிகோப் பக்கத்து மாயா, அஸ்டெக் ஜனங்கள் கொட்டையை அரைத்து நீரில் கலந்து, நுரை எழும்ப ஆற்றிக் கசப்போடு குடித்தார்கள். சந்தையில் கொட்டையையே காசாகவும் கொடுத்து வாங்கினார்கள். 1753-ல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டுத் தாவர நிபுணர் இந்த மரத்துக்கு 'தெய்வங்களின் உணவு' என்று பொருள்படும் பெயரை வைத்தார். ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்கு 1879-ல் டெட்டே குவார்ஷி என்ற உழைப்பாளி ஒரு தீவிலிருந்து விதை கொண்டுவந்தார். இன்றைக்கு உலகத்தில் அதிகம் விளைவது ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும்தான். நம் நாட்டில் முதலில் நட்ட இடம் எது தெரியுமா? குற்றாலம். 1798-ஆம் வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அங்கே நட்டுப் பார்த்தார்கள். அப்போது அது பரவவில்லை. பரவியதெல்லாம் 1960-களுக்குப் பிறகு, தென்னையையும் பாக்கையும் அண்டிக்கொண்டுதான்.

கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுப்பது செக்கில் எண்ணெய் எடுப்பதற்குத் தூரத்துச் சொந்தம். உடைத்த கொட்டையைச் சதையோடு பெட்டியிலோ கூடையிலோ குவித்து, வாழையிலை போட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். சூடேறிப் புளித்தால்தான் சாக்லேட் வாசனைக்கு அஸ்திவாரம் விழும். பிறகு வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, அரைக்க வேண்டும். அரைத்தால் மாவாக உதிராது. கொழுப்பு உருகிக் கூழாக ஓடும். அந்தக் கூழை அழுத்திப் பிழிந்தால் கொழுப்பு தனியாகவும் பிண்ணாக்கு தனியாகவும் வரும். இப்படிப் பிழிகிற இயந்திரத்துக்கு 1828-ல் ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் உரிமை பெற்றார். பிண்ணாக்கைப் பொடித்தால் நாம் பாலில் கலக்கிற கொக்கோ பவுடர். அவருக்கு வேண்டியது பவுடர்தான். கொழுப்பு மிச்சச் சரக்கு. 1847-ல் இங்கிலாந்தில் ஃப்ரை கம்பெனியார் அந்த மிச்சக் கொழுப்பையே கொக்கோவிலும் சர்க்கரையிலும் திரும்பச் சேர்த்து, கடித்துத் தின்கிற சாக்லேட் கட்டி செய்தார்கள். அன்றிலிருந்து மிச்சச் சரக்குக்கு யோகம் அடித்தது. இப்போது பவுடரை விட வெண்ணெய்க்கு மதிப்பு அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

இதன் குணம் ஒன்றை மட்டும் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றையப் பேச்சு முழுவதும் அதில்தான் சுற்றுகிறது. சாதாரணச் சூட்டில் மெழுகு போலக் கெட்டியாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். 34 முதல் 36 டிகிரி சூட்டில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. ஆகவே கையில் வைத்தால் கெட்டி, தேய்த்தால் எண்ணெய். சாக்லேட் வாயில் போட்டதும் கரைவது இதனால்தான். சித்திரை வெயிலில் டப்பாவுக்குள் தானாக உருகி, மறுபடி உறையும்போது மணல் மணலாக இருக்கும். கெட்டுப் போய்விட்டது என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். சிக்கு வாடை வந்தால்தான் கெட்டது. மற்ற எண்ணெய்களைப் போல அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது.

இனி உபயோகத்துக்கு வருவோம். நம் ஊர்ப் பெண்கள் இதை வாங்குவது பெரும்பாலும் வயிற்றில் பூசத்தான். கர்ப்பம் ஐந்தாறு மாதம் ஆனதும் பக்கத்து வீட்டு அக்காவோ, பட்டணத்தில் வேலை பார்க்கிற நாத்தனாரோ, "கொக்கோ வெண்ணெய் தேய்த்தால் வயிற்றில் வரி விழாது" என்று சொல்லிவிடுகிறார்கள். மருந்துக் கடையிலும் பட்டணத்துக் கடைகளிலும் கர்ப்பிணி படம் போட்ட டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. விலையும் கொஞ்சநஞ்சமில்லை. நாலைந்து நாள் கூலி போய்விடுகிறது.

வரி ஏன் விழுகிறது? மேல்தோலுக்கு அடியிலே ஒரு கெட்டித் தோல் இருக்கிறது. அது நார் நாராக, ரப்பர் மாதிரி இழுபடும். வயிறு வேகமாகப் பெருக்கும்போது, கர்ப்ப கால ஹார்மோன்களால் இளகிய அந்த நார்கள் அங்கங்கே விட்டுப் போகின்றன. அதுதான் வரி. முதலில் சிவப்பாகவோ கருப்பாகவோ தெரிந்து, பிரசவம் ஆகிச் சில மாதங்களில் வெள்ளிக்கம்பி போல வெளுத்துவிடும். அம்மாவுக்கு விழுந்திருந்தால் மகளுக்கும் விழ வாய்ப்பு அதிகம். சின்ன வயதுக் கர்ப்பிணிகளுக்கும் அதிகம். மேலே பூசுகிற கொழுப்பு அந்த ஆழத்துக்குப் போய் நாரைக் கட்டுவதில்லை.

இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். லெபனான் நாட்டில் முதல் பிரசவப் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொக்கோ வெண்ணெய் கலந்த பூச்சும், மறு பிரிவுக்கு அதே மாதிரி தோற்றமும் வாசனையும் உள்ள, ஆனால் கொக்கோ வெண்ணெய் இல்லாத பூச்சும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது பூசியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. கடைசியில் 175 பேரைச் சோதித்ததில், கொக்கோ வெண்ணெய் பூசியவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கும், பூசாதவர்களில் நூற்றுக்கு 49 பேருக்கும் வரி விழுந்திருந்தது. அந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியது. 2008-ல் முடிவு வெளியானது. ஜமைக்கா நாட்டில் 300 பெண்களிடம் இதே போலச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் தடுத்ததாக நிரூபணம் ஆகவில்லை.

அப்படியானால் பூசவே கூடாதா? பூசலாம். தோல் இழுபடும்போது வரட்சியும் லேசான அரிப்பும் எடுக்கும். அதற்குக் கொழுப்புப் பூச்சு இதமாக இருக்கும். கர்ப்பிணிக்கோ கருவில் இருக்கும் குழந்தைக்கோ அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வீட்டிலிருக்கிற தேங்காய் எண்ணெயும் இந்த இதத்தைக் கொடுக்கும். டப்பாவைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் எழுதியிருக்கும். பல டப்பாக்களில் முதலில் தண்ணீர், அடுத்து மண்ணெண்ணெய்க்குச் சொந்தக்காரனான மினரல் ஆயில், கொக்கோ வெண்ணெய் கடைசி வரிசையில்தான். மிச்சம் வாசனை. வாசனைச் சரக்கு சில பேருக்குத் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுவது நல்லது. முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் பூச வேண்டாம். தோல் துவாரத்தை அடைத்துப் பரு அதிகமாகும். இன்னொன்று: வரியைப் போக்க என்று டிரெட்டினாயின் கலந்த கிரீமும் விற்கிறது. கர்ப்ப காலத்தில் அதைத் தொடவே கூடாது.

கணவன்மார்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. வரி வியாதி இல்லை. உங்கள் பிள்ளையைச் சுமந்த வயிறு அது. "என்ன இப்படி ஆயிடுச்சு?" என்று ஒரு தரம் நீங்கள் முகம் சுளித்தால், அந்தப் பெண் மறுநாளே இரும்புச் சத்துள்ள பேரீச்சம்பழத்துக்கு வைத்திருந்த காசைக் கொண்டுபோய் டப்பா வாங்குகிறாள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அரிப்பில் பயப்பட வேண்டிய அரிப்பு ஒன்று உண்டு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் பொறுக்க முடியாமல் அரித்து, ராத்திரியில் அதிகமாகி, தோலில் தடிப்பு எதுவும் தெரியாமல் இருந்தால், எந்த வெண்ணெயும் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஈரலில் பித்தநீர் சரியாக ஓடாமல் ரத்தத்தில் சேருவதால் அப்படி வரலாம். வயிற்றில் இருக்கிற குழந்தையின் உயிருக்கே அது ஆபத்தாகலாம். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு மார்புக் காம்பு வெடித்தால் சிலர் இதைத் தடவுகிறார்கள். குழந்தை வாசனைச் சரக்கையும் சேர்த்துத்தான் சப்பும். தாய்ப்பாலில் இரண்டு சொட்டைத் தடவிக் காயவிட்டாலே போதும். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதுதான். கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடிக்க வேண்டும். நர்ஸ் அம்மாவிடம் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் சரி செய்து கொடுப்பார். பிறந்த குழந்தையின் தொப்புளில் கொக்கோ வெண்ணெய், விளக்கெண்ணெய், சாம்பல், மஞ்சள் எதுவும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம்.

தின்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கொழுப்புதான், விஷம் கிடையாது. ஆனால் அதில் இரும்புச் சத்தும் இல்லை, புரதமும் இல்லை. கர்ப்பிணிக்கு ஊட்டம் வேண்டுமென்றால் முட்டை, கீரை, பயறு, கடலை உருண்டை. சாக்லேட் அந்தக் கணக்கில் வராது. பெட்டிக் கடையில் விற்கிற மலிவான பழுப்பு மிட்டாய்கள் பலவற்றில் கொக்கோ வெண்ணெயே இருக்காது. வேறு கொழுப்புப் போட்டுச் செய்கிறார்கள்.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் யாராவது சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் விளையாட அனுப்பிவிடுங்கள்.

உடம்புச் சூட்டில் உருகும் குணம் இருப்பதால், மருந்துக்காரர்கள் கொக்கோ வெண்ணெயில் மருந்தைக் கலந்து விரல் நுனி அளவு வில்லையாக வார்த்தார்கள். ஆசன வாயிலோ பெண்ணுறுப்பிலோ வைத்தால் உருகி மருந்து இறங்கும். 1880-களில் லண்டனில் வால்டர் ரெண்டல் என்ற மருந்துக்காரர் இதில் கொய்னா கலந்து, கருத்தடை வில்லையாகவே செய்து கொடுத்தார். வில்லை உருகிக் கருப்பை வாயில் வழவழவென்று படியும், விந்தணு உள்ளே போகாமல் தடுக்கும், கொய்னா அதை முடக்கும் என்பது யோசனை. ஏழைப் பெண்கள் வருஷா வருஷம் பிரசவித்து ஓய்ந்துபோன காலம் அது. கையில் கிடைத்தது அதுதான். பல வருஷம் விற்றது. வெறுமனே அதை நம்பியவர்கள் பலர் ஏமாந்தார்கள். இன்றைக்கு நமக்கு அதைவிடப் பல மடங்கு நம்பகமான சாதனங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே கொக்கோ வெண்ணெயையோ வேறு எந்த வெண்ணெய், எண்ணெயையோ உள்ளே வைத்துக் கருத்தரிப்பதைத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். தடுக்காது. கிருமி சேரவும் வழியாகும்.

ரெண்டல் காலத்துக்கும் நம் காலத்துக்கும் நடுவில் ஒரு மாறுதல் வந்தது. ரப்பர் மரத்துப் பாலில், அதாவது லேடக்ஸில், மெல்லிய உறை செய்யக் கற்றார்கள். நம் நாட்டில் 1968-ல் நிரோத் கடைகளுக்கு வந்தது. அன்றைக்கு மூன்று உறை 15 காசு. இப்போது துணை சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கருத்தரிப்பையும் தடுக்கும், எச்.ஐ.வி., மேக நோய் முதலியவற்றையும் தடுக்கும். இரண்டையும் செய்கிற சாதனம் உறை ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் சரியாக உபயோகித்தால் ஒரு வருஷத்தில் நூறு தம்பதிகளில் சுமார் 2 பேருக்குத்தான் கருத்தரிக்கும். ஏனோதானோவென்று உபயோகித்தால் அது சுமார் 13 ஆகிவிடும். அந்தப் பதினொரு பேர் எங்கே தவறுகிறார்கள்? சில நாள் உறையே போடாமல் விடுவது ஒரு காரணம். இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரியாத காரணம், எண்ணெய்.

லேடக்ஸுக்கு எண்ணெய் பரம விரோதி. சைக்கிள் கடைக்காரரைக் கேளுங்கள், ரப்பர் சாமானில் கிரீஸ் பட்டால் என்ன ஆகும் என்று. எண்ணெய் ரப்பருக்குள் ஊறி, ஊதவைத்து, பலத்தை எடுத்துவிடும். 1989-ல் ஒரு பரிசோதனையில் மினரல் ஆயில் பட்ட லேடக்ஸ் உறை 60 விநாடியிலேயே தன் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தது. ஒரு நிமிஷம் பாருங்கள்! கண்ணுக்கு ஓட்டை தெரியாது. பார்க்க நன்றாகவே இருக்கும். உபயோகிக்கும்போது கிழியும்.

கூட்டங்களில் நான் இரண்டு பலூன் ஊதி வைப்பேன். ஒன்றின் மேல் தேங்காய் எண்ணெயோ கொக்கோ வெண்ணெயோ தடவிவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பேன். பேச்சு முடிவதற்குள் தடவிய பலூன் 'டப்' என்று வெடிக்கும். மற்றது அப்படியே இருக்கும். பலூனும் லேடக்ஸ்தான். நம்பிக்கையில்லாதவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். பிள்ளைகள் முகத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

ஒரு தோப்புக் கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இளம் தம்பதி. முதல் குழந்தைக்கு ஏழு மாதம். கர்ப்ப காலத்தில் வாங்கிய கொக்கோ வெண்ணெய் டப்பா பாதி மிச்சம் இருந்தது. தாய்ப்பால் கொடுக்கிற காலத்தில் சில பெண்களுக்கு உறுப்பு வரண்டு, உறவின்போது எரிச்சலாக இருக்கும். இது இயற்கை, ஹார்மோன் குறைவதால் வருவது. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். மனைவிக்கு வலிக்கக் கூடாதே என்று டப்பாவில் இருந்ததை நிரோத் மேல் தடவினார். 'இயற்கைப் பொருள், கெடுதல் செய்யாது' என்று டப்பாவில் எழுதியிருந்தது. தோலைப் பொறுத்தவரை அது உண்மைதான். நிரோத்துக்கு அது எழுதவில்லை. இரண்டு தரம் கிழிந்திருக்கிறது. உறை மட்டம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். மூன்றாம் மாதம் நர்ஸ் அம்மாவிடம் வந்தார்கள். "நாங்க ஒரு நாள்கூட நிரோத் போடாம இருந்ததில்லைங்க. அப்புறம் எப்படிங்க?" என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அப்போது ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான். கைக்குழந்தையும் பால் குடித்துக்கொண்டிருந்தது. மாமியார் மகனையும் மருமகளையும் பேசாத பேச்சில்லை. யாரை நொந்து என்ன?

ஆகவே உறை உபயோகிப்பவர்கள் கேளுங்கள். கொக்கோ வெண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், நெய், வாஸ்லின், குழந்தைக்குத் தடவும் எண்ணெய், கை கால் கிரீம் இவை ஒன்றும் நிரோத் மேலும் படக் கூடாது, பெண்ணுறுப்பிலும் தடவியிருக்கக் கூடாது. இப்போது வருகிற உறைகளில் பெரும்பாலும் வழவழப்புப் பூசித்தான் வருகிறது. அது லேடக்ஸைக் கெடுக்காத வகை. அதுவும் போதவில்லையென்றால் தண்ணீரில் கரைகிற ஜெல்லி மருந்துக் கடையில் கிடைக்கும். 'நீரில் கரைவது' என்று கேட்டு வாங்குங்கள். கழுவினால் பிசுக்கில்லாமல் போவது நீர் ஜெல்லி. சோப்பு கேட்பது எண்ணெய். அவசரப்படாமல் இருப்பதும் ஒரு மருந்துதான், அதற்குக் காசு கிடையாது. வெள்ளைப்படுதலுக்கு டாக்டர் உள்ளே வைக்க மாத்திரையோ கிரீமோ கொடுத்தால், அதில் எண்ணெய் உண்டா, நிரோத் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் உண்டு. உறையை அடுப்பு மேட்டிலும், சட்டைப் பையிலும் மாதக்கணக்காக வைக்காதீர்கள். சூடும் அதைக் கெடுக்கும்.

காப்பர்-டி போட்டவர்களுக்கு இந்த எண்ணெய்க் கவலை இல்லை. அது கருப்பைக்குள் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 'அந்தரா' ஊசி போடுகிறவர்கள், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இல்லை. வரட்சி அதிகமிருந்து எண்ணெய் இல்லாமல் முடியாது என்கிற தம்பதிகள் இவற்றில் ஒன்றுக்கு மாறிவிடுவதே உத்தமம் என்பது என் யோசனை. எதற்கு மாறுவது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து கேளுங்கள். பெண்ணை மட்டும் அனுப்பிவைத்து வெளியே டீக்கடையில் நிற்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஒருவேளை உறை கிழிந்துவிட்டால்? வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். தண்ணீர் விட்டு உள்ளே கழுவுவதால் பிரயோஜனம் இல்லை. அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்று இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டுக் கருத்தரிக்காமல் தடுப்பது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். ஐந்து நாளுக்குள் வந்தால் காப்பர்-டி போட்டும் தடுக்கலாம். அப்படிப் போட்டால் தொடர்ந்து வருஷக்கணக்கில் பாதுகாப்பாகவும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அடுத்த மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பால் கொடுக்கிற காலத்தில் மாதவிலக்கு வராமலேயே கருத்தரிக்கலாம் என்பதால், அவர்கள் மாதவிலக்கை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் மூன்று வாரத்தில் வந்து சோதித்துவிட வேண்டும்.

போன கூட்டத்தில் ஒரு அண்ணன் எழுந்து, "சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறமுங்க, அன்னைக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் நல்ல கேள்வி. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் சேரக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அவர்கள் சொன்ன காரணம் வேறு. நிரோத் போடுகிறவர்களுக்கு அதில் வேறொரு லாபமும் இருக்கிறது. அன்றைக்கும் முடியாது என்கிறவர்கள் சீயக்காயோடு நிறுத்தாமல், உறுப்புக்கு வெளியிலும் தொடையிலும் உள்ள பிசுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உள்ளே சோப்பு வேண்டாம். கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து ஈரம் காய்ந்த பிறகு உறைப் பொட்டலத்தைப் பிரியுங்கள். பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டாம்.